ஒரே முறை கேட்கிற ஊரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளே,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால்தான் அச்சில் ஏற்றுகிறேன். டல்லாஸ் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அதன் ஆசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அங்கிள், உங்க பொண்ணு பெர்லின்ல அமெரிக்கத் தூதரகத்துல இருக்காங்கல்ல? ஜெர்மன்-அமெரிக்க உறவு பத்தி ஒரு டிப்ளமேட் பார்வையில நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றார். "டிப்ளமேட் அவதாம்ப்பா. நான் டிப்ளமேட்ட ஏர்போர்ட்ல எறக்கி விடுற டிரைவர்" என்றேன். "பரவால்ல அங்கிள், நீங்க ஜாலியா எழுதுவீங்க" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார். உறவு என்று தலைப்பும் கொடுத்து, பேனாவையும் என் கையில் கொடுத்தால் நான் யாருக்கு எழுதுவேன்? உனக்குத்தான். மலர் வர நாளாகும், அடுத்த வேலை எங்கே என்று நீ முடிவு சொல்ல வேண்டிய கெடுவோ மாதக் கடைசி. எனவே இதன் ஒரு நகல் இன்றே உன் மின்னஞ்சலுக்கு வருகிறது. தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நல்லது. அந்த நேரம் முழுக்க என்னோடு இருப்பாய்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இதிலுள்ள கருத்துகள் அமெரிக்க அரசின் கருத்துகள் அல்ல, உன் அத்தாவின் கருத்துகள். அத்தாவுக்கு அரசு கிடையாது, உன் அம்மா மட்டும்தான். அவளும் இதில் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டாள். நீ சொன்ன ரகசியம் எதுவும் இதில் வராது. நீ எங்களிடம் என்றைக்கு ரகசியம் சொன்னாய்? என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாலே "ஏதோ சாப்டேன்" என்கிறவள்தானே.

போன ஞாயிறு மதியம் நீ கூப்பிட்டபோது வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். பெர்லின் வேலையை இன்னும் சில வருடங்களுக்கு நீட்டித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றாய். இல்லையென்றால் ஆஸ்டினில், ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, வெளியுறவுப் பணிக்கு இளையவர்களைச் சேர்த்துவிடும் வேலை இருக்கிறது என்றாய். ஆஸ்டின் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் மனதுக்குள் காரை எடுத்து, வேக்கோ தாண்டி, மூன்று மணி நேரத்தில் ஆஸ்டின் வாசலான ரவுண்ட் ராக் வரைக்கும் போய்விட்டேன். உனக்கு இஷ்டம் பெர்லினா ஆஸ்டினா என்று நீ சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாய்.

"நான் இங்கயே இருந்தா, ஆர் யூ ஓக்கே வித் தட், அத்தா?"

"எங்களுக்கு என்னம்மா? நாங்க ஜம்முனு இருக்கோம். நீ உன் வேலையப் பாரு."

"ஓக்கே, கிரேட்! லவ் யூ. அம்மாகிட்ட சொல்லிடுங்க."

அவ்வளவுதான். கையிலிருந்த குழாயை மூட மறந்து நின்றேன். தண்ணீர் தெருவோரம் வரை ஓடியது. உன் அம்மா கதவைத் திறந்து, "என்ன சொன்னா?" என்றாள். "அங்கயே இருக்கவான்னு கேட்டா. உன் இஷ்டம்னு சொல்லிட்டேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு நாட்டுத் தலைவர்கள் உள்ளே மேஜையைத் தட்டிச் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தால், கூட்டறிக்கையில் அதை 'வெளிப்படையான கருத்துப் பரிமாற்றம்' என்று எழுதுவார்கள் என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அப்படியொரு பரிமாற்றம் அன்று எங்கள் வாசலில், ஒரு வார்த்தைகூட இல்லாமல், நடந்து முடிந்தது. அதுவரை நம் வீட்டில் கூட்டறிக்கை என்றால் "இன்னைக்குக் கூட்டுதான், வேற ஒண்ணும் பண்ணல" என்று உன் அம்மா விடுவது மட்டும்தான்.

உனக்கு முதல் வெளிநாட்டு வேலை கிடைத்த அன்று நான் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? உன் அறைக் கதவில் ஒரு கொடியை ஒட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். இனி இந்த அறை வேற்று நாட்டு மண், உள்ளே போக அனுமதி வேண்டும் என்று அறிவித்தேன். உன் அம்மா மடித்த துணிக்கூடையோடு வந்தாள்.

"விசா?"

"துணி மடிச்சு அடுக்குறவளுக்கு விசா எதுக்குங்க? தள்ளுங்க."

"வருகையின் நோக்கம்?"

"உங்க மண்டையில ஒண்ணு போடுறது."

உள்ளே நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். கராஜ் முன்னால் 'தூதர் வண்டிக்கு மட்டும்' என்று நான் பெயின்ட் அடித்து வைத்ததற்கு குடியிருப்புச் சங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம்கூட வந்தது. கொடியை இன்னும் எடுக்கவில்லை. அம்மா இப்போதும் அந்த அறைக்குள் போகிறாள், தூசி தட்டுகிறாள். விசா கேட்கத்தான் எனக்கு மனசில்லை. தூதரகம் என்று எழுத உட்கார்ந்தால் கை தானாகவே 'தூர அகம்' என்று எழுதிவிடுகிறது. பிழை திருத்துகிறவர் அதை அப்படியே விட்டுவிடட்டும்.

சரி, ஆசிரியர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன்-அமெரிக்க உறவு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் சாப்பாட்டு மேஜையில் தெரிந்துகொண்டதுதான். நீ ஒரு மாநாட்டுக்காக டல்லாஸ் வந்தபோது ஜெர்மன் வெளியுறவுத் துறைக்காரர் மத்தியாஸைக் காப்பெலில் நம் வீட்டுக்கு அழைத்து வந்தாயே, அந்த மதியம். அம்மா நெய்ச்சோறும் தால்சாவும் கறியும் செய்திருந்தாள். மனிதர் வாசலிலேயே ஷூவைக் கழற்றி, ஜோடியைச் சுவரோடு நேராக்கி வைத்தார். அப்போதே அவரை உன் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. நான் இத்தனை வருடமாக ஷூவைக் கழற்றி எறிகிறவன்.

மத்தியாஸ் தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். காலித் தட்டைப் பார்த்தால் உன் அம்மா சும்மா இருப்பாளா? இன்னொரு கரண்டி வைத்தாள். "நோ, தேங்க் யூ, போதும்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று அவள் மேலும் ஒரு கரண்டி வைத்தாள். அவர் அதையும் வழித்துச் சாப்பிட்டார். மறுபடி காலித் தட்டு, மறுபடி கரண்டி. "பாவம், எவ்ளோ பசி பாருங்க. பெர்லின்ல ஒண்ணும் சமைக்க மாட்டாங்க போல" என்று என் காதில் சொன்னாள். அவர் முகம் தக்காளியாகிவிட்டது. பெல்ட்டை ஒரு துளை தளர்த்தியதை நான் பார்த்தேன்; பார்த்தும், என்ன ஆகிறதென்று பார்ப்போமே என்று வாயைத் திறக்கவில்லை. அது என் குணம், உனக்குத் தெரியும். நீதான் கடைசியில் தலையிட்டாய். அவரிடம் ஆங்கிலத்தில், "கொஞ்சம் மிச்சம் வை, அப்பதான் நிறுத்துவாங்க" என்றாய். அம்மாவிடம், "ம்மா, அவர் வேண்டாம்னா வேண்டாம்தான்மா" என்றாய். ஒரு பிடி சோற்றைத் தட்டில் விடச் சொன்னால் அந்த மனிதர் ஏதோ கொலை செய்யச் சொன்னதுபோல உன்னைப் பார்த்தார்.

பிறகு காரணம் சொன்னார். போர் முடிந்து, மேற்கு பெர்லினுக்குள் வரும் சாலைகளையெல்லாம் ரஷ்யர்கள் அடைத்துவிட்ட காலத்தில் அவருடைய தகப்பனார் சின்னப் பையன். மாவும் நிலக்கரியும் உருளைக்கிழங்குப் பொடியும் அமெரிக்க விமானங்களில் வந்து இறங்கியிருக்கின்றன. நேற்றுவரை குண்டு போட்ட விமானங்கள். அந்தப் பையன் வளர்ந்து, தன் பிள்ளைகளைத் தட்டில் எதையும் மிச்சம் வைக்க விட்டதே இல்லையாம். "அமெரிக்கன் கொடுத்த சாப்பாட்டை மட்டும் வீணாக்காதே என்பார்" என்று மத்தியாஸ் ஜெர்மனிலேயே சொன்னதை நீ மொழிபெயர்த்தாய். உன் அம்மா பதறிப்போய், "ஐயோ, இது அமெரிக்கச் சாப்பாடு இல்ல தம்பி, திருச்சி தால்சா. மிச்சம் வைக்கலாம்னு சொல்லு அவருகிட்ட" என்றாள். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குப் பிறகு ஒரு ஜெர்மன்காரரைப் பார்க்கவில்லை. பார்த்ததே அவர் ஒருவரைத்தான் என்பது வேறு.

அன்று பின்கட்டுப் புல்வெளியில் டீ குடித்துக்கொண்டே நீங்கள் இருவரும் பேசியதுதான் ஆசிரியருக்கு நான் கொடுக்கக்கூடிய கட்டுரை. இப்போதெல்லாம் பெர்லினில் யாருக்கும் தூக்கம் சரியில்லை என்றார் அவர். மறுபடியும் ஒரு கஷ்டம் வந்தால் விமானம் வருமா வராதா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம், கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று. நீ அமெரிக்காவின் பக்கத்தைச் சொன்னாய். இத்தனை காலம் காவல் நின்றோம், ஒரு தடவைகூட உங்களுக்கு அலுப்பாக இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, இங்கே இருப்பவர்களுக்கு அந்தக் கோபம் என்றாய். ராணுவச் செலவு, எரிவாயு, இறக்குமதி வரி என்று செய்தியில் வருவதெல்லாம் அதன் மேல் போட்ட போர்வை என்றாய். எனக்கு அரசியல் அவ்வளவாகப் புரியாது. ஆனால் நீ அடுத்துச் சொன்னது மட்டும் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன்காரர் முகத்துக்கு நேராக முடியாது என்பார், ஆனால் சொன்ன நாளில் வந்து நிற்பார். அமெரிக்கர் அருமை, அற்புதம், அவசியம் சந்திப்போம் என்பார், அதோடு சரி. "அந்த முடியாது அவமரியாதை இல்லைன்னு வாஷிங்டனுக்கு எழுதணும், இந்த அற்புதம் வாக்குறுதி இல்லைன்னு பெர்லின்ல சொல்லணும். என் வேலை அவ்ளோதான் அத்தா" என்றாய். அன்று பெருமையில் டீயைக் குடிக்கவே மறந்தேன்.

அவர் புறப்படும்போது நான் வழக்கம்போல, "அவசியம் மறுபடி வரணும்" என்றேன். அவர் உடனே போனை எடுத்து, "எப்போது?" என்று கேட்டார்! பக்கத்துத் தெரு அங்கிளும் நானும் 'ஒரு நாள் சாப்பிட வாங்க' என்று சொல்லிக்கொண்டே நரைத்துவிட்டோம். எங்களில் ஒருவரும் போனை எடுத்ததில்லை. திகைத்துப்போய் அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமையைச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை, அமெரிக்காவில் இருந்த ஏதோ வேலையை அந்த நாளையொட்டி வைத்துக்கொண்டு, நீ இல்லாமலே, கையில் ஒரு கேக்கோடு வாசலில் நின்றாரே அந்த மனிதர். நாங்கள் மறந்தே போயிருந்தோம். உன் அம்மா அவசரமாக உப்புமா கிண்டினாள். அதிலும் மிச்சம் வைக்கவில்லை.

அன்றுதான் அவர் கேட்டார். பெர்லினில் அவருடைய தாயார் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம், மே மாதம் முழுக்க வந்து தங்கலாம், மகள் வீட்டுக்கு நடந்தே போகலாம் என்று. உள்ளுக்குள் துள்ளிக் குதித்துக்கொண்டே, "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம், அதெல்லாம் வேண்டாங்க" என்றேன். இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவார், மூன்றாவது தடவை சங்கடத்தோடு ஒத்துக்கொள்ளலாம் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டி, "புரிகிறது" என்றார். அறை போயிற்று. போனில் சொன்னபோது நீ, "அத்தா, யூ ஜஸ்ட் லாஸ்ட் எ ரூம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். மே மாதம் முழுக்க உன் அம்மா என்னோடு சிரிக்கவில்லை.

போன ஞாயிறு அந்தச் சிரிப்பு என்னிடமே திரும்பி வந்தது. நீ ஒரே முறை கேட்டாய், நான் எங்களுக்கு ஒன்றுமில்லை என்றேன், நீ புரிகிறது என்று வைத்துவிட்டாய். முதலில் உன் மேல் கோபம். பெற்ற அத்தாவின் 'எங்களுக்கு என்ன'வுக்கு அர்த்தம் தெரியாதா, ஜெர்மன்காரியாகவே ஆகிவிட்டாளா என்று மறுநாள் மாலை உன் அம்மாவிடம் குதித்தேன். அவள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேர் வேலையிலிருந்து வந்த களைப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அவள ஏன் திட்டுறீங்க? பிரவுனி கதை மறந்துபோச்சா?"

மறக்கவில்லை மகளே, வசதியாக ஓரம் கட்டியிருந்தேன். நீ இரண்டாம் வகுப்பில் உன்னோடு படித்த எமிலி வீட்டுக்கு விளையாடப் போனாய். போன இடத்தில் கொடுத்ததும் வாங்கிவிடக் கூடாது, இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்க வேண்டும் என்று நாங்கள் பழக்கியிருந்தோம். எமிலியின் அம்மா சூடான பிரவுனியை நீட்டினாள், நீ "நோ, தேங்க் யூ" என்றாய். அவள் "ஓக்கே, ஹனி" என்று டப்பாவை மூடிவிட்டாள். காரின் பின்சீட்டில் நீ அழுத அழுகை! "ஷீ டிட்ன்ட் ஆஸ்க் அகெய்ன், அத்தா!" நான் வண்டியை ஓரம் கட்டி, திரும்பி, உன் கண்ணைத் துடைத்துச் சொன்னேன்: "இந்த ஊருல ஒரு தடவதான் கேப்பாங்க புள்ள. வேணும்னா மொதத் தடவையே வேணும்னு சொல்லிடு. யாராவது வேண்டாம்னு சொன்னா, அத நம்பிடு." அடுத்த வாரம் எமிலி வீட்டுக் கதவு திறந்ததும், யாரும் கேட்காமலே, உனக்கு இரண்டு பிரவுனி வேண்டும் என்று அறிவித்தாயாம். அவள் அம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மூன்று தடவை கேட்கிற எங்கள் ஊரிலிருந்து உன்னை வெளியே அனுப்பி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியது நான்தான். நான் மட்டும் பழைய ஊரிலேயே தங்கிவிட்டேன்.

அதனால் கோபம் போய்விட்டது. இப்போது ஒரு அறிவுரை. உன் வேலைக்கும் சேர்த்துத்தான். எல்லோரும் 'நாங்கள் நன்றாக இருக்கிறோம்' என்று சொல்கிற இடத்தில் இன்னொரு தடவை கேள். பெர்லின்காரர்களிடமும் கேள், வாஷிங்டன்காரர்களிடமும் கேள். வருவோம் என்று அவர்களாகச் சொல்லட்டும் என்று பெர்லின்காரர் காத்திருக்கிறார், அலுப்பாக இருக்கிறதா என்று இவர்கள் கேட்கட்டும் என்று வாஷிங்டன்காரர் காத்திருக்கிறார். நீ அன்று புல்வெளியில் சொன்னது அதுதானே? இரண்டாம் தடவை கேட்பதை நான் உனக்கு மறக்கடித்துவிட்டேன். அதைத் திரும்பக் கற்றுக்கொண்டால் உன் மேலதிகாரிகளைவிட நீ நன்றாக வேலை பார்ப்பாய். எனக்குச் சம்பளம் தர வேண்டாம்.

ஒரு தூதரகம் செய்யக்கூடிய பெரிய கெடுதல், தலைநகரம் எதைக் கேட்க ஆசைப்படுகிறதோ அதையே எழுதி அனுப்புவது என்று நீ சொல்வாய். போன ஞாயிறு நான் உனக்கு அனுப்பியது அப்படியொரு அறிக்கை. நீ நிம்மதியாக இருக்கட்டும் என்று எழுதியது, அதில் உண்மை இல்லை. உண்மை இது: அம்மா மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, சுவரில் மாட்டிய போட்டோவைப் பார்ப்பதுபோல நடிக்கிறாள். முழங்கால். போன பெருநாளுக்கு அவள் நமக்குச் செய்கிற அளவுக்கே செய்துவிட்டு, மிச்சத்தை டப்பா டப்பாவாகத் தெருவெல்லாம் கொடுத்தாள். நான் விளையாட்டுக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. உப்பு டப்பாவில் சர்க்கரையை மாற்றி வைத்தால், "வயசாச்சுங்க, கண்ணு தெரியலையா?" என்கிறாள். என் குறும்பு எப்போதிருந்து வியாதியானது என்று தெரியவில்லை.

நீ பார்க்கிற வேலை சின்ன வேலை இல்லை என்றும் எனக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் நேரத்தில் நடுவில் இருப்பவள் எழுந்து வரக் கூடாது என்று நீ நினைத்தால், அதிலும் நியாயம் இருக்கிறது. இருந்துவிட்டால் கோபிக்க மாட்டேன். இது கூட்டறிக்கை இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். ஆனால் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று நம்பி இருந்துவிடாதே. அது தெரிந்த பிறகு முடிவு செய்.

எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழங்காலைப் பற்றி எழுதியதற்குத் திட்டினாள். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, "இருக்கட்டும். வரச் சொல்லி நேரா எழுதிட்டீங்களா, இல்ல வழக்கம்போல சுத்தி வளைச்சிருக்கீங்களா?" என்றாள்.

நேராக எழுதுகிறேன். வா. நீ ஆஸ்டினுக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை, உன் அம்மாவுக்கு என்னைவிட ஆசை. வருவதாக இருந்தால் மட்டும் ஒன்று பார்த்துக்கொள்: எதிரே வரும் விளக்குகள் கண்ணைக் கூசவைப்பதால் ராத்திரியில் ஃப்ரீவேயில் ஓட்டுவதை விட்டுவிட்டேன், இதையும் உன்னிடம் சொல்லவில்லை. டல்லாஸில் பகலில் வந்து இறங்குகிற விமானமாகப் பார்த்து டிக்கெட் எடு.

அத்தா